ஓட்டெடுப்பு நேரத்து டீ

எய்யா,

ஸ்தோத்திரம். நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் உன் முகத்தைப் போனில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய், அதை மருமகளிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நீ அந்தச் செய்தியைச் சொன்னதும் "சந்தோஷம்யா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு, குக்கர் சத்தம் போடுகிறது என்று அடுக்களைக்குள் போய்விட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. மறுநாள் குரல் பதிவில் "அம்மா, கோவமா?" என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் நீ "அச்சா அச்சா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இதை நம் சபை மாதப் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை வெளிநாட்டில் வைத்துக்கொண்டு இல்லாத குக்கரைச் சொல்லி அடுக்களைக்குள் ஓடுகிற தாய்மார் இந்த டெல்லியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று நீ சொன்ன செய்தியை இன்னொரு முறை எழுதுகிறேன். இத்தனை வருடம் நீ ஜெர்மனியில் நம் ஊர் நர்ஸுகளுக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆயராக இருந்து, ஒரு ஜெர்மன் கோயிலின் கீழ்த்தளத்து ஹாலில் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கிறாய். அந்த வட்டாரத்துச் சபைகளையெல்லாம் ஆளுகிற மன்றம் ஒன்று இருக்கிறது, சினாட் என்கிறார்கள். அதில் உன்னைப் போல வெளியிலிருந்து வந்த ஆயர்களுக்கும் இனி இடமும் ஓட்டும் உண்டு என்று முடிவாகியிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. உனக்குக் குருப்பட்டம் கொடுத்த நம் தெற்குத் திருமண்டலத்தின் ஆயர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்து, அவர்கள் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு நீ இரவல் போன ஆள் இல்லை, அந்த ஊர் ஆள். இங்கே உள்ளவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிட முடியாது. "எங்களையும் உள்ள எடுக்கறாங்கம்மா" என்றாய். நீ கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் காதில் விழுந்தது மற்றது மட்டும்தான், திரும்பக் கூப்பிட முடியாது என்பது.

இரவல் ஆயர் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ அப்படி ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவன். எனக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலையும் மோதி பாகில் குவார்ட்டர்ஸும் கிடைத்தபோது, தெற்குத் திருமண்டலம் உங்கப்பாவை டெல்லித் தமிழ்ச் சபைக்கு மூன்று வருடத்துக்கென்று அனுப்பியது. மூன்று வருடம் முடிந்தது, இன்னொரு மூன்று கொடுத்தார்கள், பிறகு அது தானாகவே நீண்டுகொண்டு போனது. சம்பளம் கொடுத்தது டெல்லிச் சபை, பெயர் கிடந்தது தெற்கில். இங்கே இருக்கிற திருமண்டலத்துக்கு அவர் விருந்தாளி. முதல் சில வருடங்களிலேயே இங்கத்து பிஷப் கேட்டார், உங்கள் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாமே, எல்லாவற்றையும் முடிவு செய்கிற திருமண்டலப் பெருமன்றத்தில் ஓட்டு இருக்குமே என்று. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துப் பாயில் உட்கார்ந்து பேசினோம். பெயரை எடுத்துவிட்டால் பிறகு ஊரில் யார் நமக்கு ஊழியம் செய்ய ஒரு சேகரம் கொடுப்பார்கள் என்று அவர் கேட்டார். ஆமா, இன்னும் கொஞ்ச நாள்தானே என்றேன் நான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

பெருமன்றத்துக்கு உன்னை அவர் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? எனக்கு டூட்டி இருந்த சனிக்கிழமைகளில் உன்னை யாரிடம் விடுவது? ஹாலில் கடைசி வரிசையில் உங்கப்பாவும் மலையாளச் சபை ஆயரும் மிசோ சபை ஆயரும் உட்கார்ந்திருப்பார்கள். எந்த விஷயத்தைப் பற்றியும் பேசலாம், அதற்குத் தடையில்லை. ஓட்டெடுப்பு என்று வந்ததும் செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவர்களைப் பார்த்து, "ஹமாரே மெஹ்மான்...", நம் விருந்தாளிகள், என்று இழுப்பார். மூன்று பேரும் எழுந்து வராந்தாவுக்கு வருவார்கள். அங்கே டீ கொடுக்கிறவர் இவர்களுக்காகவே சூடாகக் கிளாஸில் ஊற்றி வைத்திருப்பார். உள்ளே எண்ணி முடித்ததும் இவர்களைக் கூப்பிடுவார்கள். நீ வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாய், "அம்மா, அங்க எல்லாருக்கும் முன்னாடி நம்ம அப்பாவுக்குத்தான் டீ." நான் உன்னைத் திருத்தவில்லை. அப்பாவும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த டீ நேரத்தில் உள்ளே என்னென்ன முடிவானது என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே கோயிலில் ஆராதனைக்குக் காலை எட்டு மணி இந்திக்காரர்களுக்கு, பத்து மணி ஆங்கிலத்துக்கு, சாயங்காலம் நாலு மணி தமிழுக்கு என்று எழுதியது அப்படித்தான். மே மாதம் நாலு மணிக்கு அந்தக் கோயிலுக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பெஞ்சில் புடவை ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் ஒவ்வொன்றாக மயங்கும். நான் நர்ஸ் என்பதால் ஜெபப் புத்தகத்தோடு குளுக்கோஸ் பாக்கெட்டும் கொண்டுபோவேன். யாரும் நம்மை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. நாம் அங்கே இல்லை, அதனால் யாருக்கும் நினைவு வரவில்லை.

இனி போன பெருமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கப்பா உன்னிடம், "தீர்மானம் தோத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னாராமே. முழுதும் சொல்லியிருக்க மாட்டார். மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை இடித்தபோது நம் சபைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. ஜங்க்புராவில் வீட்டு வேலை பார்த்துவந்தவர்களுக்கு அது வேறு ஊர் மாதிரி. நாலு மணி ஆராதனைக்கு வந்து திரும்புவதென்றால் ஒரு நாள் போய்விடும், பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் கொடுக்க யாரிடம் காசு இருக்கிறது? செல்லத்தாயை உனக்குத் தெரியும், கேம்பில் தார்ப்பாய்க்குக் கீழே ஜெபக்கூட்டம் நடத்துவாளே, உன் மீசை முளைத்த புதிதில் உன்னைக் கேலி செய்வாளே, அவள்தான். அவள் வந்து கேட்டாள், "ஐயா, எங்க பக்கத்துலயே ஒரு எடம் பாத்துக் குடுங்க, ஞாயித்துக்கெழம பசங்க எல்லாம் சும்மா சுத்துதுங்க." அந்தப் பக்கத்தில் திருமண்டலத்துக்குச் சொந்தமான பழைய மருந்தகம் ஒன்று வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஒரு கோச்சிங் சென்டருக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு பேச்சு. இல்லை, நம் ஜனங்களுக்கு ஆராதனைக்குக் கொடுங்கள் என்று உங்கப்பா தீர்மானம் கொண்டுபோனார்.

கொண்டுபோக முடிந்ததே ஒரு பெரிய காரியம்தான். அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் விதியை மாற்றியிருந்தார்கள். வெகுகாலமாக இங்கே ஊழியம் செய்கிற இரவல் ஆயர்களுக்கு, பெயர் எங்கே இருந்தாலும், இனி ஓட்டு உண்டு. உங்கப்பா அங்கியை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை இஸ்திரி போடச் சொன்னார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி கண்ணாடி முன்னால் நின்றார். வாசலில் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு நீல அட்டை கொடுத்தார்கள், அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததை அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். நன்றாகப் பேசினாராம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசினாராம், நரேலாக் குடும்பங்களைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்களாம். பேச்சு முடிந்தது. தலைவர், இப்போது ஓட்டெடுப்பு என்றார். உடனே இரவல் ஆயர்கள் மூன்று பேரும் எழுந்தார்கள். எழுந்து, வழக்கம்போல, வராந்தாவுக்கு நடந்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை எய்யா, மூன்று பேருமே. ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் ஞாபகப்படுத்த வேண்டாமா? உள்ளே இருந்தவர்களும் யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் பழக்கம்தானே, ஓட்டெடுப்பென்றால் இவர்கள் வெளியே போவார்கள் என்று கண் பழகிப்போயிருந்தது. கிளாஸ் சூடாக இருக்கிறதென்று கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டாராம் உங்கப்பா, நீல அட்டை கீழே விழுந்தது. மூன்று பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மலையாளச் சபை ஆயர் "ஐயோ, அச்சோ" என்றாராம். டீயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினால், எண்ணி முடித்திருந்தார்கள். இரண்டு ஓட்டில் தோற்றிருந்தது. திரும்ப எண்ணுங்கள் என்று உங்கப்பா கேட்டுப் பார்த்தார். முடிந்ததை அடுத்த பெருமன்றத்தில்தான் எடுக்கலாம் என்றார்கள், விதி அப்படி. அடுத்த பெருமன்றம் வருவதற்குள் அந்தக் கட்டிடத்தில் கோச்சிங் சென்டர் போர்டு தொங்கியது.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் ஒரு நகைச்சுவை மாதிரிதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன், சிரிக்காமல் என்ன செய்வது? தட்டில் சோற்றைப் போட்டேன், அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அப்போது செல்லத்தாய் போன் பண்ணினாள், "ஐயா, சாவி கெடச்சிச்சா?" என்று. ஸ்பீக்கரில் இருந்தது. உங்கப்பா நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள், "எங்களுக்குன்னு பேச நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. இப்போது அவர்கள் மொட்டை மாடியில் ஷாமியானா கட்டி ஆராதிக்கிறார்கள். உங்கப்பா சனிக்கிழமைதோறும் அங்கே போய்வருகிறார், முழங்கால் வலியைப் பற்றி என்னிடம் பேசுவதே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. நம்மை வெளியே அனுப்பினார்கள், அது உண்மை. ஆனால் விதியை மாற்றிக் கதவைத் திறந்த பிறகும் எழுந்து போன கால்கள் நம்முடையவைதானே? இந்த ஊரில் நாங்கள் எப்போதும் கிளம்பப்போகிறவர்களாகவே இருந்தோம். பெரிய அலமாரி வாங்க வேண்டாம், போகும்போது விற்க வேண்டும். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவோடு ரொம்ப ஒட்ட வேண்டாம், போகும்போது கஷ்டம். பெருமன்றத்து ஆட்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர்கூட எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. தெற்கே பெயர் இருக்கிறது என்ற தைரியத்தில் இங்கே ஒரு காலை வைத்தும் வைக்காமலும் நின்றோம். அந்தத் தெற்கில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்கிறாய்? என்னோடு படித்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். அங்கே போய் நான் யாரோடு பேசுவேன்?

எனக்கு இருந்தது வேறு ஒரு எண்ணம். உன் பெயரும் அதே தெற்குத் திருமண்டலப் பட்டியலில்தானே இருக்கிறது. அப்பாவுக்கு ஓய்வு வரப்போகிறது. அந்த இடத்துக்கு உன்னை அனுப்பச் சொல்லலாம், டெல்லியில் பிறந்தவன், இந்தி பேசுகிறவன், மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் தமிழும் தடங்கலில்லாமல் வாசிக்கிறவன், உன்னைவிட யார் பொருத்தம்? குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு முனிர்காவில் நாங்கள் இருக்கிற இந்த வாடகை வீட்டுக்கு மேல்தளம் காலியானால் எங்களுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. நீ கீழ்த்தளத்து ஹாலில் கஷ்டப்படுகிறாய் என்று போனில் சொல்லும்போதெல்லாம் "பாவம்யா" என்பேன், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப்பார்க்கும், அங்கே ஒட்டவில்லை, அதனால் வந்துவிடுவான் என்று. பெற்றவள் இப்படியும் இருப்பாள், தெரிந்துகொள்.

நீ பேசிய மறுநாளே தெற்கிலிருந்து ஒரு போன் வந்தது. திருமண்டல அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், அப்பாவோடு படித்தவர், பெயர் வேண்டாம். அங்கே ஆயரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. "ஐயரம்மா, தம்பி பேர விடுவிக்கச் சொல்லி அங்கயிருந்து கடிதாசி வந்திருக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் அப்படியே கொஞ்சம் நிறுத்தி வைக்கேன். இங்க நம்ம பெருமன்றம் முடிஞ்சு எடுத்துக்கிடலாம். அதுக்குள்ள அவங்களும் வேற ஆளப் பாத்துக்கிடுவாங்க. ஐயருக்குப் பொறவு டெல்லிக்கு நம்ம பையனே வந்துருவான் பாருங்க" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். யோசித்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை கூப்பிடுங்கள் என்றேன். அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். மேல்தளத்து ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன், அவ்வளவு தூரம் போய்விட்டது மனசு.

அங்கே உட்காரப்போகிறாய் என்றால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள். கூட்டத்துக்கு முன்னால் அனுப்புகிற காகிதங்களை முழுதும் படி, உங்கப்பா மாதிரி தமிழ்ச் சபை என்று வருகிற பக்கத்தை மட்டும் படிக்காதே. அவர்கள் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினாலும் உன் கூரை ஒழுகுவதாக நினைத்துப் பேசு, அப்போதுதான் உன் ஆட்களைப் பற்றிப் பேசும்போது கேட்பார்கள். யாராவது உன்னை விருந்தாளி என்று பிரியமாகச் சொன்னால் பிரியமாகவே மறுத்துவிடு. கடைசி வரிசையில் உட்காராதே. உன்னோடு சேர்ந்து உள்ளே வருகிற ஆப்பிரிக்க ஆயரோ கொரிய ஆயரோ, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், எழுந்தால் கையைப் பிடித்து இழு. அந்த ஊரில் நல்ல பெரிய அலமாரியாக ஒன்று வாங்கு. இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும். நாலு மணி வெயிலில், நீ பீடத்தில் நிற்க, நான் முன்பெஞ்சில் உட்கார்ந்து உன் பிரசங்கம் நீளுகிறதென்று கடிகாரத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆசை எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை சொன்னபடி அவர் கூப்பிட்டார். உங்கப்பா அடுத்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து மறுநாள் வேத பாடத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். "என்ன ஐயரம்மா, நிறுத்தி வைக்கட்டுமா?" என்று போனில் கேட்டார். நான், "வேண்டாம், இன்னைக்கே அனுப்பிருங்க, தாமசம் பண்ணாதீங்க" என்றேன். அவர் இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உங்கப்பா கதவுப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் "கர்த்தர் ஆசீர்வதிப்பாருய்யா, தாராளமாப் போ" என்று ஜெபம் பண்ணி முடித்தாரே, அதைக் கேட்டு இந்த மனுஷனுக்குப் பிள்ளை மேல் ஆசையே இல்லையா என்று நாலு நாளாக அவரோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், "நீ நிறுத்தி வைக்கச் சொல்லுவேன்னு நெனச்சேன். ஒன்னைய நம்பித்தான் நான் அவனப் போன்னு சொன்னேன்."

பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அவர் அழுவதை நான் பார்க்கக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காகிதம் அனுப்பியாயிற்று, இனி கேட்டாலும் கிடைக்காது. இங்கே உனக்காக ஏங்குகிறது ஒருத்தி இல்லை எய்யா, இரண்டு பேர். அதைத் தெரிந்துகொண்டே போய் உட்கார்.

அம்மா